பார்கா மட்டும் ஏன் திரும்பி வருகிறது? மாட் உடையின் கதை

2025 ஜூலை 4 அன்று கார்டிஃப் நகரில் ஓயாசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழு ஏறத்தாழ பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு மேடையேறியது. அந்தக் கோடையில் பிரிட்டனிலிருந்து வந்த ரசிகர் படங்களில் ஒரே மாதிரி உடை திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. தொடை வரை தொங்கும் பச்சைநிற பார்கா (தலைமூடி வைத்த மேலங்கி), கவிழ்த்த வாளி போன்ற தொப்பி, கழுத்து வரை பட்டன் போட்ட போலோ சட்டை, அடிடாஸ் ஷூ. இந்த உடையைப் பற்றிப் பேச்சு வந்தாலே 'மாட்' என்ற சொல்லும் கூட வந்துவிடும். சரி, மாட் என்றால் என்ன என்று தேடிப் போனால் 1960களின் கறுப்பு வெள்ளைப் படங்கள் கிடைக்கின்றன. அவற்றில் இருக்கும் இளைஞர்கள் உடம்போடு ஒட்டித் தைத்த கோட்டும் சூட்டும் மெல்லிய டையுமாக நிற்கிறார்கள். இரண்டும் எப்படி ஒரே உடையாகும் என்ற குழப்பம் நியாயமானது.

இரண்டுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் நடுவில் அறுபது ஆண்டுகளும், குறைந்தது இரண்டு மறுவருகைகளும், நூற்றுக்கணக்கான தையற்கடைகளின் மறைவும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தால்தான் திரும்பி வந்தது எது, வராமல் போனது எது என்று புரியும்.

மாட்கள் யார்

'மாட்' என்பது 'மாடர்னிஸ்ட்' என்பதன் சுருக்கம். 1950களின் கடைசியில் லண்டன் சோஹோ பகுதியின் கிளப்புகளில் புதுவகை அமெரிக்க ஜாஸ் இசையை, அதாவது மாடர்ன் ஜாஸை, விரும்பிக் கேட்ட ஒரு சிறு கூட்டத்துக்கு அந்தப் பெயர் வந்தது. பழைய நியூ ஆர்லியன்ஸ் பாணி ஜாஸைக் கேட்டவர்கள் தொளதொள ஸ்வெட்டரும் தாடியுமாக இருந்தார்கள். மாடர்னிஸ்ட்கள் அதற்கு நேர் எதிர். சட்டைக் காலரில் ஒரு சுருக்கம் இருந்தாலும் அவர்களுக்குப் பொறுக்காது.

பெரும்பாலோர் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள், அல்லது அலுவலகங்களில் கடைநிலை எழுத்தர்கள். தொடக்கக் கூட்டத்தில் லண்டனின் கிழக்கிலும் வடக்கிலும் வாழ்ந்த யூதக் குடும்பத்துப் பையன்கள் கணிசமாக இருந்தார்கள். அந்தக் குடும்பங்களில் பலவற்றுக்குத் தையல்தான் தொழில். நல்ல துணி எது, தோள் எப்படி உட்கார வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு வீட்டிலேயே தெரிந்த சங்கதி.

காலமும் ஒத்துழைத்தது. பிரிட்டனில் துணிக்கான ரேஷன் போர் முடிந்த பிறகும் 1949 வரை நீடித்தது. அண்ணன் போட்டுக் கழித்த சட்டையில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அவர்கள் வேலைக்குப் போகும் வயது வந்தபோது வேலை எளிதாகக் கிடைத்தது. கட்டாய ராணுவ சேவைக்கு ஆள் எடுப்பதும் 1960 இறுதியோடு நின்றது. பதினெட்டு வயதில் ராணுவம் தலைமுடியை வெட்டிச் சீருடை மாட்டிவிடும் என்ற நிலை போய், வாரச் சம்பளம் கையிலேயே தங்கியது. அந்தச் சம்பளம் உடைக்குப் போயிற்று.

இவர்களுக்கு முன்பே ஓர் உதாரணம் இருந்தது. 1950களின் டெடி பாய்கள். போருக்குப் பின் லண்டன் சாவில் ரோவின் தையற்கலைஞர்கள் ஏழாம் எட்வர்ட் மன்னர் காலத்து நீளக் கோட்டைப் பணக்கார வாடிக்கையாளர்களுக்காக மீண்டும் கொண்டுவந்தார்கள். அதைத் தொழிலாளர் பகுதி இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். எட்வர்ட் என்ற பெயரின் செல்லச் சுருக்கம்தான் டெடி. ஆக, பிரிட்டனில் போருக்குப் பின் தோன்றிய முதல் பெரிய இளைஞர் உடைக் கூட்டமே ஒரு மறுவருகையிலிருந்து பிறந்ததுதான். மாட்கள் அந்தப் பழமையை விரும்பவில்லை. அவர்கள் பார்த்தது இத்தாலியையும் அமெரிக்காவையும்.

எல்லாமே கோட்டில் இருந்தது

இத்தாலியிலிருந்து வந்தது ரோமானியப் பாணி: குட்டையான கோட், குறுகிய மார்பு மடிப்பு, மூன்று பட்டன், முனை மடிக்காத ஒல்லிக் கால்சட்டை. ரெடிமேடாக வாங்கினால் மதிப்பில்லை. தையல்காரரிடம் போய், இடுப்புப் பையின் சாய்வு இவ்வளவு, கோட்டின் பக்கவாட்டுப் பிளவு இத்தனை அங்குலம், கைமுனையில் இத்தனை பட்டன் என்று சொல்லித் தைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த மாதம் அந்தப் பிளவின் நீளம் மாறிவிடும். வெளியாள் கண்ணுக்கு எதுவும் தெரியாது. கூட்டத்தில் இருப்பவன் ஒரே பார்வையில் கண்டுபிடிப்பான். பிற்பாடு மார்க் போலன் என்ற பெயரில் ராக் நட்சத்திரமான, லண்டன் ஹாக்னி பகுதிப் பையன் பள்ளி வயதிலேயே, 1962இல், ஒரு லண்டன் பத்திரிகையில் இப்படிப்பட்ட உடைப்பித்தர்களில் ஒருவனாக இடம்பெற்றான்.

துணியிலும் ஒரு விசேஷம் உண்டு. மாட்கள் விரும்பியது 'டானிக்' என்று அழைக்கப்பட்ட, மொஹேர் எனும் அங்கோரா ஆட்டு உரோமம் கலந்த கம்பளித் துணி. டார்மெய் நிறுவனம் 1957இல் கொண்டுவந்த துணியின் பெயர் அது, பிறகு அந்த வகைக்கே பொதுப்பெயராகிவிட்டது. பாவு ஒரு நிறம், ஊடை வேறொரு நிறம் என்று நெய்தால் வெளிச்சம் படும் கோணத்துக்கேற்ப நிறம் மாறும். நம் வீட்டுப் பட்டுப் புடவையில் மயில்கழுத்து என்று சொல்வோமே, அதே உத்திதான். கிளப்பின் மங்கல் விளக்கில் பச்சையும் செம்புமாக மினுங்கும் ஒரு கோட்டை நினைத்துப் பாருங்கள். வாரம் முழுக்கக் கிடங்கில் பெட்டி தூக்கியவன் வெள்ளி இரவில் அதை மாட்டிக்கொண்டு நிற்கிறான். முதலாளியைவிட நன்றாக உடுத்துவது என்பது அவனுக்கு வெறும் ஆடம்பரமாக இருந்திருக்க முடியாது. நான் யார் என்பதை நீ முடிவு செய்யாதே என்று சொல்வதற்கு அவன் கையில் இருந்த ஒரே வழி அது.

பார்கா எங்கிருந்து வந்தது

இவ்வளவு பாடுபட்டுத் தைத்த சூட்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் போக வேண்டும். வெஸ்பாவும் லாம்ப்ரெட்டாவும் இத்தாலியில் போருக்குப் பிறகு பிறந்த வண்டிகள். தவணையில் வாங்கலாம், என்ஜின் மூடியிருப்பதால் கால்சட்டையில் எண்ணெய் படாது. ஆனால் லண்டன் மழையிலிருந்தும் சேற்றிலிருந்தும் சூட்டைக் காப்பாற்ற மேலே ஏதாவது வேண்டுமல்லவா?

அதற்கு மலிவான வழியாக அமைந்தது அமெரிக்க ராணுவத்தின் எம்-51 பார்கா. கொரியப் போர்க் காலத்தில் குளிருக்காக வடிவமைத்த மேலங்கி. பின்புறம் மீன்வால் போல இரண்டாகப் பிளந்திருக்கும், அதைக் காலில் கட்டிக்கொள்ளலாம். ராணுவம் கழித்துப் போட்டது உபரிக் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைத்தது. கிளப் வாசலில் கழற்றிவிடுவதற்கான உறை அது, அவ்வளவுதான். அந்த உறைதான் இன்று முழு உடையாக நிற்கிறது.

(லாம்ப்ரெட்டாவுக்கு இந்தியத் தொடர்பும் உண்டு. இத்தாலியில் அந்த வண்டியின் உற்பத்தி முடிவுக்கு வந்தபோது இயந்திரங்களை இந்திய அரசு வாங்கியது. 1972இல் தொடங்கிய லக்னோவின் ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனம் அவற்றைக் கொண்டு வண்டிகள் செய்தது. பிரிட்டிஷ் ஸ்கூட்டர் பிரியர்கள் அந்த இந்திய லாம்ப்ரெட்டாக்களையும் தேடி வாங்கினார்கள்.)

1964: கடற்கரையும் கார்னபி தெருவும்

சிறு கூட்டத்தின் ரகசியம் நாடறிந்த விஷயமானது இரண்டு வழிகளில்.

ஒன்று, சண்டை. 1964 ஈஸ்டர் விடுமுறையில் கிளாக்டன் கடற்கரையிலும், மே மாதத்தில் மார்கேட், பிரைட்டனிலும் மாட்களும் தோல் ஜாக்கெட் அணிந்த மோட்டார் சைக்கிள் கூட்டமான ராக்கர்களும் மோதிக்கொண்டார்கள். பத்திரிகைகள் அதை ஊதிப் பெரிதாக்கின. சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன் இந்த நிகழ்வுகளை ஆராய்ந்து 1972இல் வெளியிட்டார். ஒரு சிறு கூட்டத்தைக் காட்டி ஊடகமும் அதிகாரமும் சமூகத்தையே பயமுறுத்தும் போக்குக்கு 'ஒழுக்கப் பீதி' என்ற கருத்தாக்கம் பரவலாக நிலைபெற்றது அந்த ஆய்வால்தான். அதைவிட நம் விஷயத்துக்கு முக்கியமான விளைவு ஒன்று உண்டு. செய்திப் படங்களில் பதிந்தது பார்கா போட்ட ஸ்கூட்டர் கூட்டம். டானிக் சூட்டின் நுட்பம் கடற்கரையில் தூரத்திலிருந்து எடுத்த படத்தில் எப்படித் தெரியும்?

இன்னொன்று, கடை. கிளாஸ்கோவிலிருந்து வந்த ஜான் ஸ்டீபன் லண்டனின் கார்னபி தெருவில் வரிசையாகக் கடைகள் திறந்தார். தையல்காரரிடம் பல வாரம் காத்திருந்து வாங்கியதைப் போன்ற ஒன்று இப்போது சனிக்கிழமை மதியமே மாட்டிக் கிடைத்தது. 1963இல் தொடங்கிய 'ரெடி ஸ்டெடி கோ' தொலைக்காட்சி நிகழ்ச்சி வாராவாரம் புது உடையையும் நடனத்தையும் நாடு முழுவதும் கொண்டுபோனது. புதுமையை மட்டுமே நம்பி இருந்த கூட்டத்துக்கு, எல்லோரும் போடத் தொடங்கியதும் போடுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. 1966 வாக்கில் முதல் மாட் காலம் முடிந்துபோயிற்று.

அப்புறம் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதி பூப்போட்ட சட்டையோடு ஹிப்பி பக்கம் போனது. மற்றொரு பகுதி முடியை ஒட்ட வெட்டி, பூட்ஸும் கால்சட்டையைத் தோளிலிருந்து தாங்கும் பட்டைவாரும் மாட்டி, 1969இல் ஸ்கின்ஹெட் ஆனது. அந்தத் தொடக்க ஸ்கின்ஹெட்கள் ஜமைக்காவிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பையன்களின் இசையையும் நடையுடையையும் பார்த்து வளர்ந்தவர்கள். பின்னாளில் அந்தப் பெயருக்கு ஒட்டிக்கொண்ட இனவெறியை நினைத்தால் இதை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும்.

இந்த இடத்தில்தான் சென்னையும் வருகிறது. மாட்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் 'ஐவி' உடையையும் விரும்பினார்கள். காலர் முனைக்குப் பட்டன் வைத்த சட்டை அதிலிருந்து வந்தது. பிரைட்டனில் 1963இல் பென் ஷெர்மன் அந்தச் சட்டையை பிரிட்டிஷ் இளைஞருக்காகச் செய்யத் தொடங்கினார். லண்டனையடுத்த ரிச்மண்டில் ஜான் சைமன்ஸ் நடத்திய கடை ஐவி உடைகளுக்குப் பேர்போனது. அந்த ஐவி உடையின் கோடைக்கால அடையாளம் 'மெட்ராஸ்' கட்டம் போட்ட சட்டையும் கோட்டும். நம் ஊர்த் தறிகளில் நெய்த பருத்தித் துணி. இயற்கைச் சாயம் என்பதால் துவைக்கும்போது நிறம் கசிந்து ஒன்றோடொன்று கலக்கும். சாயம் போகிறதே என்று நம்மவர்கள் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். அமெரிக்காவில் சாயம் போகும் என்பதையே சிறப்பாகச் சொல்லி விற்றார்கள். லண்டன் இளைஞனுக்கு அது அமெரிக்க உடை. அது நெய்யப்பட்ட கடற்கரையோ சட்டையின் பெயரில் மட்டும் தங்கியிருந்தது.

1979: முதல் மறுவருகை

1970களின் நடுவில் மாட் என்பது அண்ணன்மாரின் பழைய புகைப்படம். பங்க் இசை வெடித்த 1977இல், வோக்கிங் நகரத்தின் தி ஜாம் என்ற குழு மட்டும் கறுப்பு சூட்டும் மெல்லிய டையுமாக மேடையேறியது. அதன் பாடகர் பால் வெல்லர் 1960களின் மாட்களை ஆசானாகக் கொண்டவர். 1979இல் 'குவாட்ரோஃபீனியா' திரைப்படம் வந்தது. 1964 பிரைட்டன் மோதலைக் களமாகக் கொண்ட அந்தப் படத்துக்குப் பிறகு பள்ளிக்கூடத்துப் பையன்கள்கூட பார்கா தேடி அலைந்தார்கள்.

அதே ஆண்டு கோவென்ட்ரியில் ஜெரி டேமர்ஸ் தொடங்கிய டூ டோன் இசை நிறுவனம் வேறொரு வாசலைத் திறந்தது. தி ஸ்பெஷல்ஸ், தி செலக்டர் போன்ற அதன் குழுக்களில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்தே வாசித்தார்கள். அதன் சின்னமான சூட் போட்ட மனிதன், ஜமைக்கப் பாடகர் பீட்டர் டோஷின் இளவயதுப் புகைப்படத்தை வைத்து வரையப்பட்டவன். பழைய துணிக்கடைகளில் கிடந்த டானிக் சூட்களை இந்தக் கூட்டம்தான் தேடி எடுத்தது. என் பார்வையில், முதல் மாட்களின் மனநிலைக்கு அருகில் வந்தது 1979இன் பார்கா கூட்டத்தைவிட இவர்கள்தான். புதிய இசையைக் கேட்டார்கள், பக்கத்து வீட்டு அந்நியனிடமிருந்து உடுத்தக் கற்றார்கள், கிடைத்த பழைய துணியைத் தங்கள் காலத்துக்குத் திருத்திப் போட்டார்கள்.

பார்கா மிஞ்சி சூட் மறைந்தது ஏன்

இதற்கு நான்கு காரணங்கள் சொல்லலாம். நான்கும் ஒரே எடை கொண்டவை அல்ல.

1. வாங்கியவர்களின் வயது. 1962இன் மாட் சம்பளம் வாங்கினான். 1979இன் மாட் பெரும்பாலும் பள்ளி மாணவன். அவன் கைக்காசுக்கு எட்டியது உபரிக் கடை பார்காவும் அதில் தைத்துக்கொள்ளும் பேட்ஜும்.

2. படத்தில் தெரிவது. பார்காவை நூறு அடி தூரத்திலும் அடையாளம் காணலாம். கோட்டின் பிளவை அருகில் வந்தால்தான் பார்க்க முடியும். சினிமா, பத்திரிகை, இன்று இன்ஸ்டாகிராம் எல்லாமே முதலாவதைத்தான் கடத்துகின்றன.

3. தைப்பவர் இல்லாமல் போனது. இதுதான் கனமான காரணம். 1960களில் சாதாரணத் தொழிலாளி அளவெடுத்துத் தைத்துக்கொள்ள சாவில் ரோவுக்குப் போக வேண்டியதில்லை. தெருமுனைத் தையல்காரர் இருந்தார். ஊருக்கு ஊர் பர்ட்டன் கடை இருந்தது. அங்கே அளவு கொடுத்தால் லீட்ஸ் நகரின் ஹட்சன் ரோடு ஆலையில் சூட் தயாராகும். உச்சத்தில் பத்தாயிரம் பேருக்கும் மேல் வேலை பார்த்த ஆலை அது. ரெடிமேட் பெருகி, ஆண்கள் சூட் போடுவது குறைந்து, அந்த உலகம் கரைந்தது. அதே லீட்ஸில் தொடங்கிய ஹெப்வர்த் என்ற தையல் நிறுவனம் 1982இல் நெக்ஸ்ட் கடைகளைத் திறந்து, பிறகு அந்தப் பெயரிலேயே நிலைத்துவிட்டது. பர்ட்டனின் கடைகள் 2021இல் மூடப்பட்டு, பெயரை மட்டும் ஓர் இணைய வணிக நிறுவனம் வாங்கிக்கொண்டது. இன்றைக்கு இருபது வயது பிரிட்டிஷ் இளைஞன் 1962இன் மாட் போல வாழ ஆசைப்பட்டாலும், பிளவை இன்னும் ஓர் அங்குலம் ஏற்று என்று சொல்ல அவன் தெருவில் ஆள் இல்லை.

4. பெயருக்கு உரிமையாளர் இருப்பது. போலோ சட்டைக்கு முத்திரை உண்டு, விளம்பரம் செய்ய ஆள் உண்டு. விம்பிள்டனை 1934 முதல் 1936 வரை மூன்று முறை வென்ற ஃப்ரெட் பெர்ரியின் பெயரில் 1952இல் வந்த சட்டை இப்போது ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் சொத்து. பென் ஷெர்மன் 2015 முதல் ஓர் அமெரிக்க நிறுவனத்திடம் இருக்கிறது. மான்செஸ்டரில் 1937இல் பிறந்த ஹாரிங்டன் ஜாக்கெட்டைச் செய்யும் பராகுடா இத்தாலியரிடம். ஒவ்வொரு மறுவருகையும் இவர்களுக்குப் புது வியாபாரம். மூன்று பட்டன் சூட்டின் வெட்டுக்கு முத்திரை கிடையாது, அதற்காகக் காசு செலவழித்து விளம்பரம் செய்ய யாரும் இல்லை.

1990களின் பிரிட்பாப் என்ற பிரிட்டிஷ் கிதார் இசை அலையின் காலத்தில் இந்த ஓட்டம் இன்னும் வேகம் பிடித்தது. 1996 ஆகஸ்டில் நெப்வர்த்தில் இரண்டு நாளில் இரண்டரை லட்சம் பேருக்கு முன் ஓயாசிஸ் பாடியபோது, அதன் பாடகர் லியம் கேலகர் பெயரோடு பார்காவும் ஒட்டிக்கொண்டது. 2009இல் அவரே ப்ரிட்டி கிரீன் என்ற உடை நிறுவனத்தைத் தொடங்கினார். அது 2019இல் திவால் நடைமுறைக்குப் போய், ஒரு பெரிய விளையாட்டுடை நிறுவனத்தின் கைக்கு மாறியது.

இதனால் என்ன ஆகிறது

உடையைச் சூழ்ந்திருந்த இசை, வேலை, தெரு, தையற்கடை எல்லாம் உதிர்ந்து பொருள் மட்டும் மிஞ்சும்போது, அந்தப் பொருளுக்கு யார் வேண்டுமானாலும் அர்த்தம் ஏற்றலாம். 1970களின் பிற்பகுதியில் நேஷனல் ஃப்ரண்ட் என்ற இனவெறிக் கட்சி ஸ்கின்ஹெட் இளைஞர்களிடையே ஆள் பிடித்தது. ஜமைக்க இசையில் பிறந்த உடை, கறுப்பர்களையும் ஆசியர்களையும் தாக்குபவனின் அடையாளமாகச் சாமானியர் மனதில் பதிந்தது. பிரிட்டனில் வாழ்ந்த நம் மக்களுக்கும் அந்தப் பூட்ஸ் சத்தம் பயத்தின் சத்தம்.

நம் காலத்திலும் இது நடந்தது. அமெரிக்காவின் வலதுசாரித் தீவிரக் கூட்டமான ப்ரவுட் பாய்ஸ், மஞ்சள் கோடு போட்ட கறுப்பு ஃப்ரெட் பெர்ரி சட்டையைத் தன் சீருடையாக்கிக்கொண்டது. 2020 செப்டம்பரில் நிறுவனம் அந்த நிறச் சட்டையை அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்பதையே நிறுத்திவிட்டதாக அறிவித்தது. ஃப்ரெட் பெர்ரியின் தந்தை சாம் பெர்ரி, தொழிலாளர் கூட்டுறவு இயக்கத்திலிருந்து நாடாளுமன்றம் போனவர். சட்டைத் தொழிலில் பெர்ரியின் கூட்டாளி கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர். இந்த வரலாறு சட்டையில் எழுதியிருக்கவில்லை. எழுதியிருக்காத ஒன்றை எவரும் அபகரிக்கலாம் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

இன்னொரு விளைவு, அடையாளங்கள் குழம்பிப்போவது. 2025 படங்களுக்குத் திரும்புவோம். வாளித் தொப்பி 1980களின் இறுதியில் மான்செஸ்டர் நடனக் கிளப் காலத்திலிருந்து வந்தது. அடிடாஸ் ஷூ, 1970களின் இறுதியில் வடமேற்கு இங்கிலாந்தின் கால்பந்து மைதானங்களில் உருவான கூட்டத்தின் அடையாளம். பார்கா கொரியப் போரிலிருந்து ஸ்கூட்டர் ஏறி வந்தது. மூன்று தலைமுறையின் மூன்று தனித்தனிக் கூட்டங்கள் ஒரே உடம்பில். அதைப் போட்டு நிற்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளை தப்பாக எதையும் செய்துவிடவில்லை. அவனுக்குக் கிடைத்தது அவ்வளவு.

சூட்டும் முழுதாகச் செத்துவிடவில்லை. ஆகஸ்ட் மாதப் பொது விடுமுறையில் பிரைட்டனில் ஆண்டுதோறும் மாட்கள் கூடுகிறார்கள். பலருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, சிலர் பிள்ளைகளையும் கூட்டிவருகிறார்கள். கடற்கரைச் சாலையில் ஸ்கூட்டரை நிறுத்தி, பார்காவைக் கழற்றி மடித்து இருக்கையில் வைக்கிறார்கள். உள்ளே, எங்கேயோ ஒரு தையல்காரரைத் தேடிக் கண்டுபிடித்துத் தைத்த மொஹேர் கோட் வெயிலில் நிறம் மாறுகிறது.